மைதானத்துக்கு அடியில் ஒரு பந்தயச் சாலை

ஊரில் அவளுக்குப் 'பிரேக் டீச்சர்' என்று பெயர். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். பயிற்சிக் காரில் அவள் உட்காருகிற பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. அதன்மேலிருந்து அவள் கால் இறங்கி யாரும் பார்த்ததில்லை. எதிரே வருகிற சைக்கிள்காரர் சொல்லாமல் கொள்ளாமல் திரும்புவார், நிற்கிற லாரியின் கதவு படாரென்று திறக்கும், பக்கத்திலிருக்கும் படித்த மனிதரே பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலரேட்டரை மிதிப்பார். வருஷக்கணக்காக இதையெல்லாம் எதிர்பார்த்தே உட்கார்ந்திருந்ததில் சந்தேகம் அவளுக்கு மூச்சுவிடுவது மாதிரி ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்தபிறகும் அது இறங்குவதில்லை. பாலைக்கூட ஒருதரம் முகர்ந்து பார்க்காமல் அடுப்பில் வைக்க மாட்டாள்.

அப்படிப்பட்டவளின் மைதானத்தில் ஒருநாள் காலை, கையில் இரும்புக் கம்பியோடு கொழுந்தன் வந்து நின்றான்.

மைதானம் என்பது ஊர்க்கோடியில் மாமனார் விட்டுப்போன நிலம். பிள்ளைகள் இரண்டு பேருக்கும் பொது. மூத்தவன் அவள் கணவன். பயிற்சிப் பள்ளியின் ஆபீஸில் உட்கார்ந்து போனும் விண்ணப்பமும் பார்த்துக்கொள்கிறவன். இளையவனுக்குக் குடிநீர் வாரியத்தில் வேலை. தெருவில் கம்பியை ஊன்றி, அதன் தலையில் காதை வைத்து, பூமிக்குள் எந்த இடத்தில் குழாய் ஒழுகுகிறது என்று கேட்டுச் சொல்லுவான். நிலத்தில் பாதி அவனுடையதுதான் என்றாலும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. அண்ணன் பிழைப்பு நடக்கிறது, நடக்கட்டும் என்று இருந்துவிட்டவன். இப்போது என்ன வந்தது என்று டீச்சர் காரை ஓரங்கட்டிவிட்டு இறங்கினாள்.

அவன் காரணம் சொன்னான். மைதானத்துக்கு அப்பால் ஒரு குழாயைத் தேடித் தோண்டினபோது கான்கிரீட் பலகை ஒன்று தட்டுப்பட்டதாம். தட்டையாக இல்லாமல் கூரை மாதிரி சரிந்து கிடந்ததாம். நூலகத்தில் போய்ப் பழைய படங்களைப் புரட்டியதில் விஷயம் தெரிந்ததாம். மோட்டார் வண்டிகள் வந்த புதிதில், இந்த இடத்தைச் சுற்றிப் பந்தயத்துக்கென்றே ஒரு சாலை போட்டிருக்கிறார்கள். வேகம் குறையாமல் திரும்புவதற்காக வளைவுகளைச் சாய்த்துக் கட்டினார்களாம். கொஞ்ச வருஷம் ஓடி, பிறகு ஆளில்லாமல் மண்மூடிப் போனது. அந்த வளைவுகளில் ஒன்று அவர்களுடைய மைதானத்தின் கோடியில், முள்மண்டிக் கிடக்கும் மேட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது அவன் கணக்கு.

மேடு அவளுக்கு நன்றாகத் தெரியும். அதன் அடிவாரச் சரிவில்தான், ஏற்றத்தில் நிறுத்திய வண்டியைப் பின்னால் உருளாமல் கிளப்பும் பாடத்தை நடத்துவாள்.

"பாத்துட்டுப் போயிடுவேன் அண்ணி. உங்க வேலைக்குத் தொந்தரவு இருக்காது" என்றான் கொழுந்தன்.

தொந்தரவு இருக்காது என்று வாயைத் திறந்து சொல்கிறவனிடம்தான் இருக்கும் என்று அவள் மனது சொன்னது. ஆடு நனைகிறதே என்று ஓநாய் எப்போது அழுதது?

சாப்பிடும்போது கணவனிடம் சொன்னாள். சாதாரணமாக எதற்கும் 'சரி பார்க்கலாம்' என்கிற மனிதன், அன்று தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். தம்பி ஒன்றுமில்லாமல் வர மாட்டான் என்றான். பழஞ்சின்னம் என்று தொல்பொருள் துறைக்கு ஒரு வார்த்தை போனால் போதும், சுற்றி வேலி போட்டுவிடுவார்கள், அப்புறம் அவளுடைய பள்ளி நடுத்தெருவுக்கு வந்துவிடும் என்றான்.

"அவன்கிட்ட முகம் குடுக்காத. அவன் பேச்சு ஒண்ணு, நெனப்பு ஒண்ணு."

அவள் முகம் கொடுக்காமல் இருக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாத வண்டியைவிடக் கண்ணெதிரே வருகிற வண்டி மேல் என்பது அவள் கட்சி. ஆகவே கொழுந்தன் வருகிற நாளெல்லாம், பாடம் முடிந்ததும் அவளும் மேட்டுக்கு ஏறினாள். உதவிக்கு வருகிறாள் என்று அவன் நினைத்துக்கொண்டான். அவள் வேவு பார்க்கப் போனாள்.

முதல் நாளில் முள்ளை வெட்டி மண்ணைச் சுரண்டியதில் சாம்பல் நிறப் பலகையின் விளிம்பு தெரிந்தது. இரண்டு பேருமாக மண்வெட்டியால் தள்ளத் தள்ள, அது மேலே ஏறிக்கொண்டே போனது. கீழே படுத்தாற்போலத் தொடங்கி, உச்சியில் ஏறக்குறைய சுவராகவே எழுந்து நின்றது. பலகைக்கும் பலகைக்கும் நடுவில் தார் ஊற்றிய கோடுகள். வேர்கள் பிளந்த இடங்களில்கூட வளைவு தன் வடிவத்தை விடவில்லை. உச்சி விளிம்பை ஒட்டி முழங்கால் உயரக் கற்கள் வரிசையாகப் புதைந்திருந்தன. ஒவ்வொன்றின் தலையிலும் துருவேறிய இரும்பு வளையம். வேடிக்கை பார்க்க வந்த கூட்டம் சாலையில் விழுந்துவிடாமல் இருக்க வளையத்துக்கு வளையம் கயிறு கட்டியிருப்பார்கள் என்று கொழுந்தன் சொன்னான். சொல்லும்போது அவன் குரல் குழைந்தது. அதையும் அவள் குறித்துக்கொண்டாள். நடிப்பு என்றால் நல்ல நடிப்பு.

ஒருநாள் அவன் தண்ணீர் குடிக்கக் கீழே இறங்கியிருந்தபோது, அவள் தனியாகச் சரிவின் நடுவில் நின்று பார்த்தாள். உடம்பு தானாக ஒருபக்கம் சாய்ந்தது. இந்தச் சாய்வில், கம்பிச் சக்கரமும் தோல் வாருமாக இருந்த வண்டியில், வேகத்தைக் குறைக்காமல் வந்திருக்கிறார்கள். பக்கத்தில் யார் உட்கார்ந்திருப்பார், எதை மிதித்திருப்பார்? அவளுக்குச் சிரிப்பு வந்தது. உடனே தன்மேலேயே சந்தேகப்பட்டு, முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டாள். ஆளை மயக்கிக் கவிழ்க்கிற வழி இதுதான் போலிருக்கிறது என்று நினைத்தாள்.

அடுத்த வாரம் அவர்கள் மேடேறியபோது வளையக் கற்கள் இல்லை.

வரிசையாகப் பள்ளங்கள் மட்டும் இருந்தன. பல் பிடுங்கின ஈறு மாதிரி ஈரமாக, புத்தம் புதிதாக. கொழுந்தன் கம்பியைக் கீழே போட்டுவிட்டு ஒவ்வொரு பள்ளமாகக் குனிந்து பார்த்தான். பிறகு நிமிர்ந்து அவளைப் பார்த்தான். அந்தப் பார்வை அவளுக்குத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்க்கிற பார்வை.

"அண்ணி, இது நீங்க பண்ணின வேலையா?"

"என்னப் பாத்துக் கேக்கறீங்களா? இங்க கம்பியும் மண்வெட்டியுமா அலையறது யாரு தம்பி?"

"நானே கண்டுபிடிச்சு நானே பேத்து எடுப்பேனா?"

"எடுத்துட்டுப் பழிய எங்க மேல போடலாம்ல? அண்ணன் பொண்டாட்டி பழைய சொத்த அழிச்சுட்டான்னு எழுதிப் போட்டா வேல சுலபமா முடிஞ்சிடுமே."

சொன்னபிறகுதான் அது எவ்வளவு பெரிய வார்த்தை என்று அவளுக்கே பட்டது. கொட்டியதை அள்ள முடியுமா? கொழுந்தன் கம்பியை எடுத்துத் தோளில் சாய்த்துக்கொண்டு போனான். மண்வெட்டியைக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

வீட்டில் கணவன் முழுவதையும் கேட்டுக்கொண்டான். எப்போதும் தம்பி பேச்சை எடுத்தாலே எண்ணெய் ஊற்றுகிறவன், அன்றைக்குத் தண்ணீர் ஊற்றினான். போனது போகட்டும், கல்லுதானே, இனிமேல் அவன் வரமாட்டான், நீ நிம்மதியாக உன் வேலையைப் பார் என்றான். அவளும் படுத்துக்கொண்டாள். நிம்மதி மட்டும் வரவில்லை. 'இனிமேல் வரமாட்டான்' என்பதை இவர் எப்படி இவ்வளவு உறுதியாகச் சொன்னார் என்று ஒரு முள் உள்ளே தைத்துக்கொண்டே இருந்தது.

மறுநாள் பாடம் மருந்துக்கடைக்காரம்மாவுக்கு. கல்யாண வயதில் பிள்ளைகள் இருக்கிற மனுஷி. மாத்திரைப் பெயரெல்லாம் தலைகீழாகச் சொல்லுவாள், கிளட்ச் என்றால் மட்டும் கைகால் உதறும். வழக்கமான கார் பழுது பார்க்கப் போயிருந்ததால், கணவன் வெளிவேலைக்கு வைத்திருக்கும் இரண்டாவது பயிற்சிக் காரை டீச்சர் எடுத்து வந்திருந்தாள். அன்றைக்கு ஏற்றத்தில் கிளப்பும் பாடம். வண்டி ஒவ்வொரு தடவையும் உறுமிவிட்டுப் பின்னால் உருண்டது. அந்தம்மாவுக்கு அழுகை முட்டியது. தன் காலில்தான் கோளாறு, எழுதிக்கொடுங்கள், நானே மருந்து எடுத்துக்கொள்கிறேன் என்றாள்.

டீச்சர் அவளை இறக்கிவிட்டுத் தானே உட்கார்ந்து கிளப்பினாள். அவளுக்கே வண்டி முக்கிக்கொண்டுதான் ஏறியது. நிறுத்திவிட்டு வெளியே இறங்கி, கொஞ்ச தூரம் தள்ளி நின்று பார்த்தாள். வண்டியின் மூக்கு மேலே தூக்கியிருந்தது. பின்பக்கம் சக்கரத்தோடு ஒட்டிக் கிடந்தது. மடியில் கனமிருந்தால் வழியில் பயம் என்பார்கள். இங்கே கனம் வண்டியின் மடியில் இருந்தது.

டிக்கியைத் திறந்தாள். சாக்குகள். மேலே பள்ளியின் கிழிந்துபோன பழைய பேனர். அதை விலக்கினதும் இரும்பு வளையம் ஒன்று எட்டிப் பார்த்தது.

மருந்துக்கடைக்காரம்மா என்ன கல் என்று கேட்டாள். வீட்டுக் கல்தான் என்று டீச்சர் சொன்னாள். அவளை அனுப்பிவைத்துவிட்டு, டிக்கியை மூடாமலே காரை ஓட்டிக்கொண்டு ஆபீஸ் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

கணவன் ஜன்னல் வழியாகப் பார்த்தான். எழுந்து வரவில்லை. அவள் உள்ளே போய் எதிர் நாற்காலியில், விண்ணப்பம் எழுத வருகிறவர்கள் உட்காரும் இடத்தில், உட்கார்ந்தாள். கேட்கவேண்டிய அவசியமே இருக்கவில்லை, அவனே சொன்னான். ஒரு சரக்குக் கிடங்குக் கம்பெனி மைதானத்தைக் கேட்டிருக்கிறது. அவன் வாக்குக் கொடுத்துவிட்டான். பழைய சாலை என்று தெரிந்தால் அவர்கள் ஓடிவிடுவார்கள். விற்பதற்குத் தம்பி கையெழுத்து வேண்டும். பள்ளியைப் பெரிதாக்கக் கடன் எடுக்க என்று சொல்லி வாங்கிவிடலாம் என்று இருந்தான். அதற்குள் தம்பி மேட்டைத் தோண்ட ஆரம்பித்துவிட்டான். அடையாளம் குறையட்டும் என்று இவன் ராத்திரியில் கற்களைப் பெயர்த்துவிட்டான்.

"பள்ளி?" என்றாள் அவள்.

"உனக்கு வேற எடம் பாத்துத் தர்றதாத்தான் இருந்தேன். முன்னாடியே சொன்னா நீ ஒத்துக்கமாட்ட."

"அதுக்குத்தான் தம்பி மேல என்ன ஏவி விட்டீங்களா?"

அவன் மேஜைமேல் இருந்த பேனாவைத் திருப்பித் திருப்பி வைத்தான்.

உலகத்தில் எல்லாரையும் சந்தேகப்பட்டவள், தன் பக்கத்துத் தலையணையை மட்டும் சந்தேகப்படாமல் இருந்திருக்கிறாள். வேலியே பயிரை மேய்ந்திருக்கிறது. அவளோ அதே வேலியில் சாய்ந்து நின்றுகொண்டு, தெருவில் போகிறவனைக் கல்லால் அடித்திருக்கிறாள். கோபத்தைவிட வெட்கம்தான் முதலில் வந்தது. அழக்கூடாது என்று எழுந்து வந்துவிட்டாள்.

கொழுந்தன் ஒரு குறுகலான தெருவில், மூடின கடை ஒன்றின் முன்னால், கம்பியில் காதை வைத்துக் குனிந்து நின்றான். அவள் வண்டியை நிறுத்தியது அவனுக்குக் கேட்கவில்லை. அவன் நிமிரும்வரை காத்திருந்தாள். பிறகு டிக்கியைக் காட்டினாள். யார் என்று அவள் சொல்லவில்லை. அந்தக் காரை ஓட்டுகிறவன் யார் என்று அவனுக்குத் தெரியும். கொஞ்சநேரம் வளையத்தைத் தொட்டுக்கொண்டே நின்றான்.

"நான் சொன்னத மனசுல வெச்சுக்காதீங்க தம்பி" என்றாள்.

"நானும்தானே கேட்டேன், அண்ணி."

அவளுக்கு இன்னொன்று பாக்கி இருந்தது. அதை விழுங்கிவிட்டுப் போக அவளால் முடியவில்லை.

"ஒண்ணு கேக்கறேன், உள்ளதச் சொல்லுங்க. துறைக்காரங்க வந்து இது பழஞ்சின்னம்னு சொல்லிட்டா, நான் அங்க வண்டி ஓட்டலாமா கூடாதா?"

"தெரியல அண்ணி. வேலி போட்டாலும் போடுவாங்க. போடமாட்டாங்கன்னு நான் எப்படிச் சொல்றது? ஆனா உங்களக் கேக்காம நான் யாருக்கும் எழுத மாட்டேன்."

கவலைப்படாதீர்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவன் சொல்லியிருந்தால் அவள் திரும்பிப் போயிருப்பாள். தெரியாது என்றதால் நம்பினாள். எழுதுங்கள் என்றாள்.

கற்களை இரண்டு பேருமாகத் திரும்ப நட்டார்கள். ஒன்று விரிசல் விட்டிருந்தது. அதை அப்படியே வைத்தார்கள். தொல்பொருள் துறையிலிருந்து ஒரு பெண் அதிகாரி வருவதற்குள் மழைக்காலம் வந்து போய்விட்டது. அந்தம்மா வளைவில் ஏறி நின்று, டீச்சரைப் போலவே ஒருபக்கம் சாய்ந்து, யாரையும் பார்க்காமல் சிரித்தாள். கடைசியில் வந்த முடிவு, மேடு காக்கப்படவேண்டியது, சமதரையில் பயிற்சி நடக்கலாம் என்பது. ஏற்றப் பாடத்துக்கு மட்டும் டீச்சர் ஊருக்குள் இருக்கும் மேம்பாலத்துக்குப் போகவேண்டியதாயிற்று. அங்கே பின்னால் நிற்கிற லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தே கற்றுக்கொடுத்தார்கள். கிடங்குக் கம்பெனி வேறு நிலம் பார்த்துக்கொண்டது.

வீட்டில் அவளும் கணவனும் தேவைக்கு மட்டும் பேசிக்கொண்டார்கள். அவன் மன்னிப்பு கேட்டான். அவள் சரி என்றாள். சரியாகவில்லை என்பது இரண்டு பேருக்கும் தெரிந்தது. ஆபீஸ் சாவியை அவள் தன்னிடமே வைத்துக்கொண்டாள்.

வளைவின் மிச்சப் பகுதியில் முள்வெட்ட ஒரு ஞாயிற்றுக்கிழமை கொழுந்தன் ஆட்களைக் கூட்டியிருந்தான். யாரும் கூப்பிடாமல் கணவனும் அரிவாளோடு வந்து மேட்டடியில் நின்றான். தம்பி அண்ணியைப் பார்த்தான். போகச் சொல்லவேண்டும் என்று அவளுக்கு வாய்வரை வந்தது. ஆனால் வெயிலில் அரிவாளை இந்தக் கைக்கும் அந்தக் கைக்கும் மாற்றிக்கொண்டு நிற்கிற மனிதனைப் பார்த்தபோது அது வெளியே வரவில்லை. வெட்டாமல் கிடந்த புதரில் ஒரு துண்டைக் கைகாட்டினாள். தான் நிற்கிற இடத்திலிருந்து நிமிர்ந்தால் கண்ணில் படுகிற துண்டாகப் பார்த்துத்தான் காட்டினாள். அவன் குனிந்து வெட்ட ஆரம்பித்தான்.