ஜில்லு வைத்த மருந்து

கடைத்தெருவில் ஐஸ்கிரீம் உருகினாலும் சரி, கறிக்கடைக் குளிர்பெட்டி மக்கர் செய்தாலும் சரி, முதலில் அடிபடும் பெயர் ஜில்லுதான். ஃபிரிட்ஜ் மெக்கானிக்குக்கு நண்பர்கள் வைத்த பட்டப்பெயர் அது. பெட்டியின் முதுகில் காதை வைத்துக் கேட்டே என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான். ஆள் கெட்டிக்காரன்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் தன் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றி அவனுக்கு இருந்த நினைப்பு, அதைவிட ரெண்டு மடங்கு பெரியது.

கல்யாணமாகி ஆறு வருடம். "ஏதாவது விசேஷம் உண்டா?" என்று கேட்பவர்களுக்குப் பதில் சொல்லியே அவன் மனைவி ஓய்ந்துபோயிருந்தாள். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். காதுக்குப் பின்னால் கம்பியைச் சரிசெய்து கொடுக்கும்போது, கண்ணாடி வாங்க வந்தவர்கள்கூட விட்டுவைக்கவில்லை. "உனக்கு எத்தனை பிள்ளைங்கம்மா?" என்பார்கள். அவள் சிரித்துக்கொண்டே, "முதல்ல இதைப் போட்டுப் பாருங்க, நல்லா தெரியுதா?" என்று பேச்சை மாற்றுவாள்.

ஒருவழியாக இருவரும் கருத்தரிப்பு மருத்துவமனைக்குப் போனார்கள். காத்திருக்கும் அறையில் எல்லாத் தம்பதிகளும் பரீட்சை முடிவுக்கு நிற்கும் பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். தெரிந்த முகம் ஏதாவது வந்துவிட்டால் சட்டென்று செய்தித்தாள் உயர்ந்து முகத்தை மறைக்கும். பரிசோதனையில் அவனுக்குக் குறை எதுவும் இல்லை. அவளுக்குக் கருமுட்டை கொஞ்சம் குறைவு. "ஊசி போட்டு வளர்த்துப் பார்க்கலாம். நல்ல வாய்ப்பு இருக்கு. ஆனா வருஷத்தைக் கடத்தாதீங்க" என்றார் டாக்டரம்மா.

மருந்துக் குப்பிகள் இருந்த பெட்டியை நீட்டியபடி நர்ஸ் சொன்னாள்: "ஃபிரிட்ஜ்ல வைங்க சார். ஆனா உறைஞ்சிடக் கூடாது. உறைஞ்சா அப்புறம் பிரயோஜனமே இல்லை. கதவுப் பக்கம் வைங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "யார்கிட்ட சொல்றீங்க சிஸ்டர்!"

வீட்டில் இருந்த ஃபிரிட்ஜ் அவனே செய்தது. பழைய பெட்டி ஒன்றை வாங்கி, அதில் ஹோட்டல் பெட்டியிலிருந்து கழற்றிய பெரிய கம்ப்ரஸரைப் பொருத்தியிருந்தான். கடையில் விற்கிற பெட்டி எதுவும் அதன் கால் தூசிக்குக் காணாது என்பது அவன் கட்சி. கரண்ட் அடிக்கடி போகிற காலம். மருந்து சூடாகிவிடுமோ என்று பயந்து, குளிரைக் கூட்டும் திருகை இன்னும் கொஞ்சம் திருப்பி, பெட்டிக்குள் பின்சுவரை ஒட்டி, நல்ல குளிர் இருக்கும் இடமாகப் பார்த்து வைத்தான். ஊரார் பெட்டிக்கெல்லாம் தெர்மாமீட்டர் வைத்துப் பார்க்கிறவன், தன் பெட்டிக்கு வைக்கவில்லை. தன் கையால் செய்ததைச் சந்தேகப்படுவதா?

மறுநாள் சாயங்காலம் எடுத்துப் பார்த்தால், குப்பிக்குள் மருந்து வெள்ளையாக இறுகிக் கிடந்தது. எல்லாக் குப்பியிலும் அப்படித்தான். ஒன்றை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டான். சற்று நேரத்தில் கரைந்து, பழையபடி தெளிவாகிவிட்டது. பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

"என்னங்க, எடுத்துட்டீங்களா?" என்று அறைக்குள்ளிருந்து அவள் கூப்பிட்டாள்.

"வந்துட்டேன்."

அவள் சேலையை விலக்கி, கண்ணை இறுக மூடிக்கொண்டு வயிற்றைக் காட்டினாள். ஊசி என்றால் அவளுக்கு உயிரே போய்விடும். அவன் போட்டான். மறுநாளும் போட்டான். மிச்சக் குப்பிகளை மட்டும் கதவுப் பக்கம் மாற்றி வைத்தான், என்னவோ அதனால் போன மருந்து திரும்பி வந்துவிடும் என்பதுபோல.

மருந்து எல்லாம் போட்டு முடித்தபின் எடுத்த ஸ்கேனில் ஒரு முட்டையும் வளர்ந்திருக்கவில்லை. டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார். "மருந்தை ஒழுங்காத்தானே வச்சிருந்தீங்க?"

அவன் வாயைத் திறப்பதற்குள் மனைவி முந்திக்கொண்டாள். "இவர் ஃபிரிட்ஜ் மெக்கானிக் டாக்டர். இந்த ஊர்ல இவரை மிஞ்ச ஆள் கிடையாது." எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவள் குரலில் பெருமை கேட்டது.

அவன் தலையாட்டினான். அந்த ஒரு தலையாட்டல்தான். அப்போதே தன் பெருமையை விழுங்கிவிட்டு உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

"அப்போ உடம்புதான் மருந்துக்கு ஒத்துழைக்கல" என்றார் டாக்டரம்மா. வேறொரு பெண்ணின் கருமுட்டையை வாங்கிச் செய்துகொள்ளும் வழியும் இருக்கிறது, யோசியுங்கள் என்றார்.

அவள் யோசிக்கவில்லை, ஒடுங்கிப்போனாள். அவன் அம்மாவிடம் அவளே போய், "அத்தை, குறை எங்கிட்டதான். உங்க பிள்ளை மேல ஒரு தப்பும் இல்லை" என்று அழுதாள். அவன் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தான். பிறகு எத்தனையோ முறை, "இன்னொரு தடவை முயற்சி பண்ணிப் பார்ப்போமே" என்று மட்டும் சொன்னான். காரணம் சொல்லத் துணிவில்லை. "எனக்கு ஆறுதல் சொல்லத்தானே சொல்றீங்க? என் உடம்பு எனக்குத் தெரியாதா?" என்பாள். இவ்வளவு நல்ல மனுஷனுக்கு இப்படி ஒருத்தி வாய்த்தேனே என்று அவனுக்குப் பிடித்ததாகப் பார்த்துப் பார்த்துச் சமைப்பாள். அதையும் அவன் மிச்சம் வைக்காமல் தின்றான்.

இப்படியே வருடங்கள் ஓடின. ஒருநாள் அவளே மனதைத் தேற்றிக்கொண்டு, "வேற ஒருத்தியோட முட்டையா இருந்தா என்ன, சுமக்கப் போறது நான்தானே" என்றாள். மறுபடியும் அதே மருத்துவமனை, அதே டாக்டரம்மா. சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட மனைவி பேனாவைக் கையில் எடுத்தபோது அவனுக்குப் பொறுக்கவில்லை.

"டாக்டர், அன்னைக்கு மருந்து உறைஞ்சு போச்சு. எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் போட்டேன். அவ உடம்பு மேல தப்பில்லை. அவளோடதையே வச்சு இன்னொரு தடவை பாருங்க."

டாக்டரம்மா படிவத்தைத் திரும்ப வாங்கி ஓரமாக வைத்தார். பிறகு இரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் எழுதிக் கொடுத்தார். முடிவைப் பார்த்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "இப்போ கருமுட்டை எதுவும் மிச்சமில்லம்மா. அன்னைக்கு நல்ல மருந்தா இருந்திருந்தா வளர்ந்திருக்குமான்னு கேட்டா, வளர்ந்திருக்கலாம். உறுதியா யாராலும் சொல்ல முடியாது."

வெளியே வந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றார்கள். திட்டினால் தேவலை, நாலு அறை விட்டால் இன்னும் தேவலை என்றிருந்தது அவனுக்கு. அவள் சாலையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"மருந்து கெட்டுப்போச்சுன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா நான் என்ன பண்ணியிருப்பேன்? ரெண்டு நாள் கிண்டல் பண்ணியிருப்பேன். 'ஐயா பெரிய மெக்கானிக்கு'ன்னு. அப்புறம் வேற மருந்து வாங்கியிருப்போம்."

"பயந்துட்டேன்மா."

"எதுக்கு? உங்க தொழில்ல குறைன்னு நான் நினைச்சிடுவேன்னா?"

அவன் தலைகுனிந்தான். வேறு காரணம் எதுவும் உண்மையிலேயே இருக்கவில்லை.

"அதுக்குப் பதிலா, என் உடம்புல குறைன்னு இத்தனை வருஷம் என்னை நம்ப வச்சீங்க" என்றாள். பேருந்து வந்தது. அவனுக்காகக் காத்திராமல் அவள் ஏறிக்கொண்டாள்.