பின்படிக்கட்டின் கைப்பிடி

வீட்டைச் சோதிக்க இன்ஸ்பெக்டர் வருகிறார் என்றால் அந்தத் தெருவில் வீட்டை விட்டு முதலில் வெளியேறுவது குப்பை இல்லை, ஆண்களின் ஷூ. வாடகையில் பெரும்பங்கை அரசாங்கம் கட்டும் வீடுகளில் அது எழுதாத சட்டம். வெர்னெல் டிராமெலும் காலையிலேயே மகனுடைய ஞாயிற்றுக்கிழமை ஷூவையும் சவர சாமான்களையும் ஒரு பையில் திணித்து, கீழ்வீட்டு எர்லீனிடம் கொண்டுபோய் நீட்டினாள்.

எர்லீன் ஷூவைத் தூக்கிப் பார்த்தாள். "உன் புள்ளைக்கு காலா, கப்பலாடி? இத எங்க ஒளிக்கறது?"

"அடுப்புக்குள்ள வை. நீ என்னிக்கு சமைச்ச?"

இருவரும் சிரித்தார்கள். மாடி ஏறும்போது வெர்னெலுக்குச் சிரிப்பு போய்விட்டது.

கோர்டெல் சிறையிலிருந்து வந்தது வசந்த காலத்தில். வாடகை உதவி அலுவலகத்துப் பதிவில் அந்த வீட்டில் இருப்பவள் வெர்னெல் ஒருத்திதான். மகன் பேரையும் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாமா என்று நினைத்தாள். தண்டனை அனுபவித்தவனைச் சேர்க்கமாட்டார்கள், கேட்டால் உள்ள உதவியும் போய்விடும் என்று தெருவே பயமுறுத்தியது. அதனால் அவன் சோபாவில் படுத்தான். முன்வாசல் பக்கமே போகமாட்டான், பின்படி வழியாகத்தான் வருவான், போவான்.

போன மாதச் சோதனையில் வீடு தேறவில்லை. அடுப்பில் ஒரு பர்னர் எரியவில்லை. படுக்கையறை ஜன்னல் தூக்கினால் நிற்கவில்லை. பின்படிக்கட்டில் கைப்பிடி இல்லை. இன்று மறுசோதனை. இதிலும் தேறாவிட்டால் அரசாங்கப் பணம் நின்றுவிடும், அவள் வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். வீட்டுக்காரருக்கு அதுதான் வேண்டும். இப்போது கிளீவ்லாண்டில் அவர் கேட்கிற வாடகையைக் கொடுக்க ஆள் இருக்கிறது. வாடகை என்றால் பாம்புச்செவி, ரிப்பேர் என்றால் முழுச் செவிடு. அந்த மனிதரை என்ன சொல்லித் திட்டினாலும் தகும்.

எல்லாவற்றையும் கோர்டெல்தான் சரிசெய்தான். பர்னர் எரிந்தது. ஜன்னல் நின்றது. கைப்பிடியைத் தாங்கும் கடைசி இரும்புப் பிடியை மட்டும் தூணில் முடுக்க வேண்டும். இன்ஸ்பெக்டர் மதியத்துக்குள் வருவார் என்று சொல்லியிருந்தார்கள். அப்படிச் சொன்னால் மதியம் தாண்டித்தான் வருவார்கள் என்று வெர்னெல் நினைத்தாள். தப்புக் கணக்கு. சோள ரொட்டியை வெளியே எடுப்பதற்குள் கதவு தட்டப்பட்டது.

இன்ஸ்பெக்டர் ஹேஸ்கின்ஸ் நரைத்த மனிதர், களைத்த முகம். நேரே நடந்து பின்கதவைத் திறந்தார். படியில் கோர்டெல் முழங்காலிட்டுக் கையில் ஸ்க்ரூடிரைவருடன் நிமிர்ந்து பார்த்தான்.

"இவர் யாரு?"

வெர்னெலின் நாக்கு தானாகவே பேசியது. "வீட்டுக்காரர் அனுப்பின ஆளு."

"பேரு?"

"தெரியாது. நான் கேக்கல."

தன் தகப்பனார் பேரை ஆசை ஆசையாக அவனுக்கு வைத்தவள் அவள். 'தெரியாது' என்று சொன்ன தன் வாயை அங்கேயே அறைந்துகொள்ள வேண்டும் போலிருந்தது அவளுக்கு. கோர்டெல் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

"இன்னும் ஒரு பிடிதான், மிஸஸ் டிராமெல். இப்ப முடிஞ்சிடும்," என்றான்.

ஹேஸ்கின்ஸ் உள்ளே வந்து பர்னர்களை ஒவ்வொன்றாகப் பற்றவைத்தார். ஜன்னலைத் தூக்கி நிறுத்தினார். தீப்புகை எச்சரிக்கை மணியை அழுத்தினார், அது வீடே அதிரக் கத்தியது. வெர்னெல் பின்னாலேயே நடந்தாள், ஆனால் காது முழுக்கப் பின்படியில் இருந்தது.

அவர் மறுபடி வெளியே வந்தபோது கோர்டெல் அவசரத்தில் முழு பலத்தையும் போட்டு முடுக்கிக்கொண்டிருந்தான். ஸ்க்ரூடிரைவர் வழுக்கி உள்ளங்கையைக் கிழித்தது. ரத்தம் படியில் கொட்டியது.

"கோர்டெல்! ஐயோ, என் கண்ணே!"

வெர்னெல் பாய்ந்து அவன் கையைத் தன் ஏப்ரனில் சுற்றி நெஞ்சோடு அழுத்திக்கொண்ட பிறகுதான் என்ன கத்தினோம் என்பது அவளுக்கே உறைத்தது. ஹேஸ்கின்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அதே நெற்றி, அதே மோவாய். எல்லாம் போயிற்று என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

ஹேஸ்கின்ஸ் குனிந்து ஸ்க்ரூடிரைவரை எடுத்தார். மிச்சமிருந்த திருகாணியை அவரே முடுக்கினார். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து உலுக்கினார். அது அசையவில்லை.

"வீடு பாஸ்," என்றார். படியிறங்கப் போனவர் நின்றார். "மிஸஸ் டிராமெல், நான் சுவரையும் கம்பியையும் பாக்க வர்றவன். ஆளை எண்ண வர்றவன் இல்ல. கைக்குத் தையல் போட வேண்டியிருக்கும், கூட்டிட்டுப் போங்க."

அவர் கார் கிளம்பிப் போன சத்தம் கேட்டது. வெர்னெல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எண்ண வர்றதில்லையாம்டா. ஒண்ணுமில்லாத பயத்துக்கு உன்ன யாருன்னே தெரியாதுன்னு சொல்லிட்டேனே."

"அவர் எண்ணமாட்டாரு. ஆபீஸ்ல எண்ணுவாங்கம்மா. நீ சொன்னது சரிதான்."

"என்னத்த சரி? பெத்தவ வாயாலயே சொன்னேன்."

கோர்டெல் அவள் பக்கத்தில் உட்கார்ந்தான். ஏப்ரன் நனைந்துகொண்டே இருந்தது. அவளைப் பார்க்காமல் சொன்னான்.

"அடுத்த வருஷமும் வருவாங்க. அப்பவும் வீட்டுக்காரர் ஆளுன்னே சொல்லு, எனக்கு ஒண்ணுமில்ல. ஆனா பேரு கேட்டா ஏதாவது ஒரு பேரு சொல்லும்மா. ஜெயிலுக்குள்ள இருந்தப்பதான் நான் பேரில்லாம, வெறும் நம்பரா இருந்தேன்."