வரிசையில் கடைசி முகம்

அருங்காட்சியகத்துக்கு வருகிறவர்கள் விலங்குகளைப் பார்க்க வருவதில்லை என்பது காப்பாட்சியர் மேடத்தின் முடிந்த முடிவு. தங்களைப் பார்த்துக்கொள்ளத்தான் வருகிறார்கள். சிங்கத்தின் முன் நின்றால் "என்னை மாதிரி" என்பார்கள். கழுதைப்புலியின் முன் நின்றால் மேலதிகாரியின் பெயரைச் சொல்லிச் சிரிப்பார்கள். இருக்கிற காட்டை வெட்டி மனை போட்டு விற்றுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வந்து பஞ்சடைத்த மானைப் பார்த்து உச்சுக்கொட்டுவார்கள். டிக்கெட் கவுண்டரில் அவளுக்குச் 'சிடுமூஞ்சி மேடம்' என்று பட்டப்பெயர். அதில் அவளுக்கு வருத்தமில்லை, உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

சிடுசிடுக்காமல் அவள் நிற்கும் இடம் ஒன்றே ஒன்று. புதிய கூடத்தின் பெரிய சுவர். அதில் தரையிலிருந்து கூரைவரை உயிர்களின் மரத்தைத் தன் கையாலேயே வருஷக்கணக்காக வரைந்திருந்தாள். அடியில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள், அப்புறம் பூஞ்சை, புழு, மீன், தவளை, வௌவால், திமிங்கிலம் என்று நாலா பக்கமும் கிளை பிரிந்து போகும். அந்தக் கூட்டத்தில் சிம்பன்சிக்குப் பக்கத்தில், சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு சுள்ளி. அதுதான் மனிதன். தேடினால்தான் கிடைப்பான். தேட வைக்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசையே.

கூடத்தைக் கட்டிக்கொடுத்தவர் ஒரு டைல்ஸ் முதலாளி. திறப்பு விழாவுக்கு முன் ஒருநாள் வந்து சுவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இதுல நாம எங்கம்மா இருக்கோம்?"

அவள் விரலால் காட்டினாள். அவர் முகம் சுருங்கிப்போனது.

"பரிணாமம்னா என்ன? முன்னேறுறது. சைக்கிள்ல டைல்ஸ் வித்தவன் நான். இன்னிக்கு எங்க நிக்கிறேன் பாருங்க. வலுத்தவன் நிப்பான், மத்தவன் போயிடுவான். அதைக் காட்ட வேண்டாமா?"

"கரப்பான்பூச்சி நம்மளவிட ரொம்ப காலமா நிக்குது சார்," என்றாள் அவள்.

கூட நின்ற அருங்காட்சியக டைரக்டர் அவசரமாக இருமினார். இருமல் முடிவதற்குள் ஏற்பாடு ஆகிவிட்டது. சுவருக்கு முன்னால் ஆறு பொம்மைகள் வரிசையாக நிற்கும். முதலில் கையூன்றிக் குனிந்த ஒரு வாலில்லாக் குரங்கு, அடுத்தடுத்து நிமிர்ந்துகொண்டே வருகிறவர்கள், கடைசியில் நெஞ்சை நிமிர்த்திய முழு மனிதன். அந்த மனிதனுக்கு முதலாளியின் முகம். கோடிக்கணக்கான வருஷம் இயற்கை பாடுபட்டது ஒரு டைல்ஸ் வியாபாரியைப் பெற்றெடுக்கத்தான் என்று ஊருக்குத் தெரிய வேண்டாமா?

அவள் கோபத்தில் குதித்துப் பார்த்தாள். குடும்ப மரம் வரிசையாகப் போகாது, யாரும் யாருக்காகவும் காத்திருந்து பிறக்கவில்லை என்று தொண்டை வறளக் கத்தினாள். டைரக்டர் அதைக் காற்றில் பறக்கவிட்டார். கடைசியில் ஒரே ஒரு வாக்கை மட்டும் அவரிடம் வாங்கினாள்: பொம்மைகள் நின்றுவிட்டுப் போகட்டும், பின்னால் இருக்கும் சுவரில் யாரும் கைவைக்கக் கூடாது. அவர் சம்மதித்தார்.

பொம்மை செய்யும் வேலை அவளுடைய கொழுந்தனுக்குக் கிடைத்தது. துணிக்கடைகளுக்குச் சேலை கட்டிய பொம்மைகள் செய்து கொடுக்கிறவன். அருங்காட்சியக வேலை அவனுக்கு இதுதான் முதல் தடவை. முதலாளியைப் படுக்கவைத்து, மூக்கில் இரண்டு குழாய் சொருகி, முகம் காதெல்லாம் மாவு அப்பி அச்சு எடுத்தான். முதலாளி தன் ஆயுளில் வாய் திறக்காமல் இருந்த அரைமணி நேரம் அதுதான் என்று அவர் டிரைவரே சொல்லிச் சிரித்தான்.

திறப்பு விழாவுக்கு முந்தின வாரம், பின்பக்கக் கொட்டகைக்கு அவள் போய்ப் பார்த்தாள். ஆறு தலைகளும் பலகையில் உட்கார்ந்திருந்தன. முதல் பார்வையிலேயே அவளுக்குப் பிடிபட்டுவிட்டது. குரங்கு முகத்துக்கு இடப்பக்கம் கோணிய மூக்கு, ஒட்டின காதுமடல், கீழுதட்டில் அதே சலிப்பு. இரண்டாவதுக்கும் அதே. மூன்றாவதுக்கும் அதே. புருவத்தில் மேடு வைத்திருந்தான், தாடையை இழுத்திருந்தான், மயிர் ஒட்டியிருந்தான். எல்லாவற்றுக்கும் அடியில் முதலாளி உட்கார்ந்திருந்தார்.

"எல்லாத்துக்கும் அவரோட அச்சுதானா?" என்று சும்மா கேட்பதுபோலக் கேட்டாள்.

"ஆமா அண்ணி. எங்க தொழில்ல அப்படித்தான். நல்ல தலை ஒண்ணு கிடைச்சா அதையே ஒட்டி, தட்டி, நூறு தலை எடுத்துடுவோம். கடைப் பொம்மையோட மூஞ்சிய யாரு பார்க்கிறா? சேலையைத்தான் பார்ப்பாங்க." கையைத் துடைத்துக்கொண்டே தயக்கமாகப் பார்த்தான். "நல்லா இருக்குல்ல?"

அந்த நேரத்தில் அவளுக்கு உச்சி குளிர்ந்துபோனது. விழா நாள் மனக்கண்ணில் ஓடியது: முதலாளி கத்தரிக்கோலால் ரிப்பன் வெட்டுகிறார், திரும்புகிறார், வரிசையில் தானே தன்னைப் பார்த்துக் குனிந்து நிற்கிறார். அவள் இத்தனை நாள் வாய் வலிக்கச் சொன்னதை இந்தக் கோணல் மூக்கு ஒரே நொடியில் சொல்லிவிடும். சொல்லட்டும், நன்றாகப் படட்டும் என்று நினைத்தாள்.

"அருமையா இருக்கு தம்பி," என்றாள்.

விழா அவள் நினைத்ததைவிட நன்றாகவே நடந்தது. முதலாளி தன் பொம்மைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டார். பட்டுப் புடவையில் வந்திருந்த அவர் மனைவி வரிசையை முதலிலிருந்து பார்த்துக்கொண்டு வந்தவள், குரங்கின் முன் நின்றுவிட்டாள்.

"ஏங்க, இங்க வாங்களேன். காலையில காபி வரலைன்னா நீங்க இதே மூஞ்சியோடதான் உக்காந்திருப்பீங்க!"

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பிறகு எல்லாரும் ஆறு முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார்கள். அப்புறம் யாராலும் அடக்க முடியவில்லை, டைல்ஸ் கம்பெனி மேனேஜர்கூடக் கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. காப்பாட்சியர் தூணோரம் நின்று வயிறு வலிக்கச் சிரித்தாள். இந்தக் கட்டடத்தில் அவள் அப்படிச் சிரித்து யாரும் பார்த்ததில்லை.

மறுநாள் டைரக்டர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். உட்காரச் சொல்லவில்லை.

"முதல் அஞ்சையும் எடுத்துடணுமாம். கடைசி ஆள் மட்டும் நிக்கட்டுமாம்."

"ஒத்தையிலயா? அப்போ அவர் எங்கிருந்து வந்தாராம்? வானத்துலேர்ந்து குதிச்சாராமா?"

"மேடம், முழுசா கேளுங்க. சுவரையும் மூடச் சொல்லிட்டாரு. வௌவால், தவளைன்னு அதுல எதுக்கு அவரு ஜாடை இருக்குமோன்னு பயம். வெள்ளையடிச்சு, சூரியன் உதிக்கிற மாதிரி ஒரு படம் போடப்போறாங்க."

"நீங்க வாக்கு கொடுத்தீங்க."

"கொடுத்தேன். நேத்து அந்த ஆளோட மூஞ்சிய நீங்களும் பார்த்தீங்கல்ல?"

கூடத்துக்கு அவள் ஓடிப்போனபோது சாரம் கட்டியாகிவிட்டது. பெயின்டர் அடியிலிருந்து ஆரம்பித்திருந்தான். நுண்ணுயிர்கள் ஏற்கெனவே இல்லை. பெயின்ட் உருளை ஏறி இறங்க ஏறி இறங்க, பூஞ்சையும் புழுவும் போய்க்கொண்டிருந்தன. வருஷக்கணக்கான வேலை. அவளுக்கு அழுகை முட்டியது, கூடவே எதையாவது உடைக்க வேண்டும்போலவும் இருந்தது.

கொழுந்தன் தன் பொம்மைகளைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவனை யாரோ நன்றாகத் திட்டியிருந்தார்கள் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"மடையன்," என்றாள் அவள், முதலாளியின் பொம்மையைப் பார்த்து. "தன் மூஞ்சிக்குப் பயந்து உலகத்தையே வெள்ளையடிக்கிறான்."

"அண்ணி," என்றான் கொழுந்தன். "அன்னிக்குக் கொட்டகையில நீங்க கேட்டப்பவே உங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. இல்ல?"

அவள் குரங்கின் கோணல் மூக்கைப் பார்த்தாள்.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. ரெண்டே நாள்ல அஞ்சு மூக்கையும் மாத்தியிருப்பேன். உங்க சுவரும் தப்பிச்சிருக்கும்." குரலை அவன் உயர்த்தவே இல்லை. "அந்த ஆளு வரிசையில கடைசியில நிக்க ஆசைப்பட்டான். நீங்க அவனுக்கும் ஒரு படி மேல ஏறி நின்னு எங்க எல்லாரையும் வேடிக்கை பார்த்திருக்கீங்க."

அவள் அண்ணாந்து பார்த்தாள். சாரத்தின் மேல் உருளை தவளையைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

கொழுந்தன் குரங்கின் தோளைத் தூக்கிப் பார்த்தான். ஒற்றை ஆளுக்குக் கனம் தாங்கவில்லை.

"காலைப் பிடிங்க அண்ணி," என்றான்.

அவள் குனிந்து பிடித்துக்கொண்டாள்.