சிக்னலுக்கு ஒரு நாள் லீவு

கிளம்புகிற நேரத்தில் அவள் கணவரின் சட்டைப் பையைத் தடவிப் பார்த்தாள். சந்தேகப்பட்டது சரிதான். கைக்குட்டைக்குள் சுருட்டி வைத்திருந்த விசில் வெளியே வந்தது.

"இது எதுக்குங்க?"

"பழக்கத்துல வந்துடுச்சும்மா."

"அதுவா நடந்து வந்து பைக்குள்ள ஏறிச்சாக்கும்?"

அவர் விட்டத்தைப் பார்த்தார். அவள் விசிலைத் தன் கைப்பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். யாராவது ஸ்டேஷனிலிருந்து கூப்பிட்டுத் தொலைப்பார்கள் என்று அவருடைய போனையும் பிடுங்கி உள்ளே போட்டாள். விசிலில் கோத்திருந்த கயிறு, நீலமும் மஞ்சளுமாக நூல் வாங்கி அவளே பின்னியது. மனைவி ஆசையாகப் பின்னிக் கொடுத்தாள் என்று அவர் சக போலீஸ்காரர்களிடம் பெருமையடித்துக்கொண்டிருந்தார். பழைய கயிறு வியர்வையில் ஊறி அலமாரியே நாறியதால் பின்னியது என்பதை அவள் இதுவரை சொன்னதில்லை.

அவர் போக்குவரத்துப் போலீஸ். ஊரிலேயே பெரிய நாற்சந்தி அவருடையது. அரசாங்கத்துக்குச் சொந்தமானது என்று மற்றவர்கள் நினைத்துக்கொண்டிருக்கலாம், அவர் அப்படி நினைக்கவில்லை. சொந்தக்காரர்கள் அவருக்கு 'சிக்னல்' என்று பேர் வைத்திருந்தார்கள். அவள் வேலை பார்ப்பது மூக்குக்கண்ணாடிக் கடையில். காலையிலிருந்து சாயங்காலம் வரை வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, "இது தெளிவா தெரியுதா, இல்ல இதுவா?" என்று கேட்பதுதான் பிழைப்பு.

ஊருக்கெல்லாம் லீவு என்றால் சிக்னலுக்கு டூட்டி. பத்து வருஷமாக இதே கதை. கல்யாணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா என்று எதற்குப் போனாலும் அவள் தனியாகத்தான் போனாள். எல்லாப் போட்டோவிலும் அவளுக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு இடம் காலியாக இருந்தது. ஓரகத்தி ஒரு தடவை எல்லார் முன்னாலும் கேட்டே விட்டாள். "உங்க வீட்டுக்காரர் நிஜமாவே இருக்காரா, இல்ல வாசல் போர்டுல பேரா மட்டும்தானா?" கூடம் முழுக்கச் சிரித்தது. அவளும் சிரித்தாள். அன்று வீட்டுக்கு வந்து பாத்திரம் தேய்த்த தேய்ப்பில் ஒரு தட்டு நெளிந்தது.

அதனால்தான் இந்தப் பூங்கா. ஊருக்கு வெளியே புதிதாகத் திறந்திருந்தார்கள். அங்கே ஒரு ராட்சத ராட்டினம். ஒவ்வொரு கூண்டிலும் இரண்டு பேர்தான் உட்காரலாம். உச்சிக்குப் போனதும் ஒரு கேமரா தானாகவே போட்டோ எடுக்கும், கீழே இறங்கினால் சட்டம் போட்டுக் கையில் கொடுப்பார்கள். அவளுக்கு அந்த ஒரு போட்டோ வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். கல்யாண நாளுக்குப் புடவை வேண்டாம், ஒரு நாள் போதும் என்று சொல்லி மாதக்கணக்கில் நச்சரித்து லீவு எடுக்கவைத்திருந்தாள். ஓரகத்திக்கு முந்தின நாளே செய்தியும் அனுப்பியாகிவிட்டது. 'நாளைக்கு எங்க ரெண்டு பேர் போட்டோ வரும், பாருங்க அக்கா.'

வண்டி அவளுடைய தம்பியின் கார். வெள்ளை நிறம். வழியில் பாதித் தூரம் அவள் ஓட்டினாள், அவர் பக்கத்தில் உட்கார்ந்து பாடம் நடத்தினார்.

"போலீஸ் கை காட்டி அனுப்பிட்டா போய்க்கிட்டே இருக்கணும். நடுவுல தயங்கி நின்னியோ, பின்னாடி வர்றவன் இடிப்பான்."

"சரிங்க."

"நிக்கிறதுன்னா நிக்கணும், போறதுன்னா போகணும்."

"சரிங்க. என் செருப்பு எப்படி இருக்கு?"

"முன்னாடி பஸ் வருது பாரு," என்றார் அவர்.

புதுச் செருப்பு. இன்றைக்கென்றே வாங்கியது.

பூங்காவுக்குள் எள் விழ இடமில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. குழந்தைகள் ஐஸ்கிரீமைத் தின்பதற்குள் அது முழங்கை வழியாக ஓடியது. அப்பாக்கள் எல்லாரும் எதையோ தொலைத்த முகத்தோடு பைகளைச் சுமந்துகொண்டிருந்தார்கள். மகிழ்ச்சியாக இருந்தே தீரவேண்டும் என்று ஒலிபெருக்கி கத்திக்கொண்டே இருந்தது. காசு கொடுத்து வெந்துபோவதற்கு இத்தனை பேர் அடித்துப்பிடித்துக்கொண்டு வருவார்களா என்று அவளுக்கே ஆச்சரியம். ஆனாலும் அவர் பக்கத்தில் நடந்து வந்தார். தோள் இடித்தது. அந்த இடி அவளுக்குப் பிடித்திருந்தது.

ராட்டினத்துக்கு வரிசை பாம்பாக வளைந்து கிடந்தது. நின்றார்கள். கொஞ்ச நேரம் அவர் நல்ல பிள்ளையாகத்தான் இருந்தார். பிறகு கழுத்து நீண்டது. பிறகு கை பரபரக்க ஆரம்பித்தது. அவள் அந்தக் கையை எட்டிப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க பாரேன். ரெண்டு வரிசை வந்து ஒரே வாசல்ல முட்டுது. எந்த மடையன் இப்படி வெச்சான்?"

"யாரோ வெச்சிருக்கான். நீங்க பேசாம நில்லுங்க."

"தள்ளுமுள்ளு ஆகும்மா. குழந்தைங்க இருக்கு."

"அதுக்குச் சம்பளத்துக்கு ஆள் போட்டிருக்காங்க."

ஆள் போட்டிருந்தார்கள்தான். மஞ்சள் தொப்பி போட்ட இரண்டு பேர் வாடின கீரைக்கட்டு மாதிரி கம்பியில் சாய்ந்து கிடந்தார்கள்.

"ரெண்டே நிமிஷம்," என்றார் அவர். "சொல்லிட்டு வந்துடறேன்."

அவள் விட்ட கை அதற்குப் பிறகு திரும்பி வரவில்லை.

முதலில் அவர் சொன்னார். பிறகு காட்டினார். பிறகு செய்தார். மஞ்சள் தொப்பிக்காரர்களுக்குக் கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்தது போல ஆயிற்று. ஒருவன் தன் தொப்பியைக் கழற்றி அவர் தலையில் வைத்தான். இன்னொருவன் பளபளக்கும் ஆரஞ்சு மேல்சட்டையைக் கொடுத்துவிட்டு நிழலைப் பார்த்து நடையைக் கட்டினான். மேல்சட்டை உடம்பில் ஏறியதும் சிக்னலின் முகத்தில் வந்த ஒளி இருக்கிறதே, அதை அவள் கல்யாண மேடையில்கூடப் பார்த்ததில்லை.

"குடும்பமா வந்தவங்க இடது பக்கம்! ஜோடியா வந்தவங்க வலது பக்கம்! தனியா வந்தவங்க ஓரமா நில்லுங்க!"

ஜனங்கள் கேட்டார்கள். அதுதான் கொடுமை. ஆரஞ்சுச் சட்டையும் நீட்டின கையும் இருந்தால் நம் ஆட்கள் கிணற்றில்கூட வரிசையாக இறங்குவார்கள். சிலர் அவரிடம் கழிப்பறைக்கு வழி கேட்டார்கள். ஒரு பெரியவர், "இத்தனை நாள் எங்க சார் இருந்தீங்க?" என்று கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அவளும் அதே கேள்வியைக் கேட்கலாம் என்று பத்து வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

அவள் ஜோடி வரிசையில் தனியாக நின்றாள். முன்னால் ஒரு ஜோடி ஒரே பாட்டிலில் மாற்றி மாற்றித் தண்ணீர் குடித்தது. பின்னால் ஒரு ஜோடி சண்டை போட்டது. அதைப் பார்த்தும் அவளுக்குப் பொறாமையாக இருந்தது, சண்டைக்காவது ஆள் இருக்கிறதே. வெயில் தாங்காமல் பக்கத்துக் கடையில் கை நீட்டி அகலமான ஓலைத் தொப்பி ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டாள். கறுப்புக் கண்ணாடி, தன் கடையில் சலுகை விலையில் எடுத்தது, அதையும் மாட்டிக்கொண்டாள். முன்னால் போகும்போது அவர் எப்படியும் பார்ப்பார், சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுக் கூட வந்து ஏறிக்கொள்வார் என்று நினைத்தாள். நினைக்க மட்டும் அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

சிக்னலுக்கு ஒரு தொழில் தர்மம் உண்டு. வீட்டில் சாப்பிடும்போது அடிக்கடி சொல்வார். கூட்டத்தைக் கட்டுப்படுத்தும்போது முகத்தைப் பார்க்கக் கூடாது. முகத்தைப் பார்த்தால் இரக்கம் வந்துவிடும், இரக்கம் வந்தால் வரிசை கெட்டுவிடும். வண்டி என்றால் சக்கரத்தைப் பார், மனுஷன் என்றால் காலைப் பார். அவ்வளவுதான்.

அவள் வாசலுக்கு வந்தாள். கை வந்து குறுக்கே விழுந்தது.

"எத்தனை பேரும்மா?"

கண் அவள் செருப்பில் இருந்தது. புதுச் செருப்பு. அவருக்கு அது யாரோ ஒருத்தியின் கால்.

"ரெண்டு பேர்." வெயிலில் தொண்டை வறண்டு அவள் குரல் அவளுக்கே வேறு மாதிரி கேட்டது. தலைக்கு மேல் ஒலிபெருக்கி வேறு உயிரை விட்டுக் கத்தியது.

"இன்னொருத்தர் எங்க?"

"டூட்டில இருக்காருங்க."

"அப்ப அவர் வந்ததும் வாங்கம்மா. ஒத்தை ஆளை ஏத்தினா ஒரு சீட்டு வீணாப் போகும். கோவிச்சுக்காதீங்க, கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்க."

பத்து வருஷத்தில் முதல் தடவையாக அவர் அவளை 'வாங்க, நில்லுங்க' என்று மரியாதையாகப் பேசினார்.

அவள் கை தொப்பி வரைக்கும் போயிற்று. ஒரு நொடி கழற்றினால் போதும். 'ஐயோ, நீயா!' என்று பதறுவார், அசடு வழிவார், கூட ஏறுவார், போட்டோவும் வரும். ஆனால் ஒரு வீம்பு வந்து கையைப் பிடித்துக்கொண்டது. கண்ணை ஒரே ஒரு சாண் மேலே தூக்கினால் அவள் முகம். தூக்குகிறாரா பார்ப்போம் என்று நின்றாள்.

அவர் தூக்கவில்லை. "பின்னாடி ஜோடி வாங்க, வாங்க!" என்றார். சண்டை போட்ட ஜோடி அவளை இடித்துக்கொண்டு போய் ஏறிற்று. உச்சியில் பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. அவர்கள் சண்டைக்கு நடுவிலும் பல்லைக் காட்டியிருப்பார்கள்.

அவள் ஒதுங்கிப் போய் ஒரு குப்பைத்தொட்டிக்குப் பக்கத்தில் நிழல் பார்த்து உட்கார்ந்தாள். அழுகை வந்தது. அதோடு சிரிப்பும் வந்தது. இரண்டும் தொண்டையில் முட்டிக்கொண்டதில் விக்கல் எடுத்தது. கடையில் எத்தனையோ பேருக்குப் பார்வை சரிபண்ணி அனுப்பியிருக்கிறாள். தன் வீட்டு ஆளை ஒரு நாள்கூட நாற்காலியில் உட்காரவைத்துக் கேட்கவில்லையே என்று நினைத்தாள். கேட்டால் மட்டும் என்ன, கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்துவிடுவார். அவர் கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. அதுதான் அவளுக்கு ஆத்திரமாக இருந்தது.

பொழுது சாய்ந்ததும் ராட்டினத்தை நிறுத்தினார்கள். அவர் வருவார் என்று அவள் அங்கேயே காத்திருந்தாள். வாசலில் ஆரஞ்சுச் சட்டையைக் காணோம். கூட்டம் கலைந்து வண்டி நிறுத்துமிடத்துப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. அங்கிருந்து ஹாரன் சத்தம் காதைப் பிளந்தது. அந்தச் சத்தம் கேட்டதும் அவர் எங்கே இருப்பார் என்று யாரும் அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

சாவி அவள் பையில்தான் இருந்தது. காரை எடுத்தாள். எல்லாப் பக்கமும் வெள்ளைக் கார்கள், எல்லாம் ஒரே ஒரு வாசலைப் பார்த்து முட்டிக்கொண்டு நின்றன. அந்த வாசலில், விளக்குகளின் வெளிச்சத்துக்கு நடுவே, சிக்னல். வாய் கிழியக் கத்திக்கொண்டிருந்தார். குரல் கம்மிவிட்டது. பாவம், விசில் இல்லாமல் அவர் பாதி ஆள்.

அவள் வரிசையில் வந்தாள். ஊர்ந்து ஊர்ந்து அவர் பக்கத்துக்கு வந்ததும் கார் ஜன்னல் கண்ணாடியை இறக்கினாள். கைப்பையைத் திறந்து விசிலை எடுத்து வெளியே நீட்டினாள்.

அவர் கண் அவள் காரின் சக்கரத்தில் இருந்தது. ஓரக்கண்ணில் விசில் பட்டது. முகம் மலர்ந்துபோயிற்று. லபக்கென்று வாங்கிக்கொண்டார்.

"ரொம்ப தேங்க்ஸ்மா! போங்க, போங்க, நிக்காதீங்க!"

கையை வீசினார். அவள் போனாள்.

பின்னால் விசில் வீறிட்டுக் கிளம்பியது. நாள் முழுக்க அடைத்து வைத்திருந்த மூச்சையெல்லாம் சேர்த்து ஊதின ஊதல். அது பாதியில் அறுந்தது.

அவள் பின்பக்கம் காட்டும் கண்ணாடியில் பார்த்தாள். சிக்னல் நடுவாசலில் நின்று, கயிற்றை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தார். நீலமும் மஞ்சளும். பிறகு தலையைத் தூக்கினார். சக்கரத்தைப் பார்க்கவில்லை, போகிற காரின் கண்ணாடிக்குள் முகத்தைத் தேடினார். தேடிவிட்டுக் கையை நீட்டினார், நில் என்று.

கை காட்டி அனுப்பியாகிவிட்டது. நடுவில் தயங்கி நின்றால் பின்னால் வருகிறவன் இடிப்பான். அவள் புருஷன் சொன்ன பேச்சைக் கேட்கிற பெண்டாட்டி, போய்க்கொண்டே இருந்தாள்.

ஊருக்குத் திரும்ப பஸ் இருக்கிறது. பூங்கா கலைகிற நேரம் என்பதால் அங்கே வரிசை ரொம்ப நீளமாக இருக்கும். அவருக்குப் பொழுது போகும்.