மூன்று வாக்கு

நாங்கள் குடியேறி வந்த இந்த நாட்டில், எங்கள் வட்டாரத்து நகரசபை இடைத்தேர்தலில் துளசி மூன்று வாக்கால் தோற்றாள். பத்தில் எட்டுப் பேர் வாக்களிக்கவில்லை என்றார்கள். அவர்களில் நாலு பேர் என் வீட்டில் இருந்தோம்.

அவள் கட்சி எதுவுமில்லாமல் நின்றாள். முதியோரும் நோயாளிகளும் கூடுகிற பகல் நிலையத்தை மூடுவதா என்பதில் கவுன்சிலர்கள் சரிபாதியாகப் பிரிந்திருந்தார்கள். காலியாய்க் கிடந்த அந்த ஓர் இடம்தான் முடிவைச் சொல்ல வேண்டும். துளசி மூடக்கூடாது என்ற பக்கம். எங்கள் அடுக்குமாடியில் அதே தளத்தில் தனியே இருக்கும் சண்முகராசா அண்ணைக்கு, பக்கவாதம் வந்த பிறகு, வெளியுலகம் என்பது அந்த நிலையம்தான். செவ்வாய்தோறும் நிலையத்து வான் வண்டி வந்து அவரை ஏற்றிப்போகும்.

தபால் வாக்குச்சீட்டுகள் வீட்டுக்கு வந்த வாரத்தில் துளசி மூன்று முறை வீட்டுக்கு வந்தாள்.

"தேத்தண்ணி குடிப்பன், உறையைத் தொடமாட்டன் அக்கா. தேர்தலில நிக்கிற ஆள் மற்ற ஆக்களின்ர வாக்கை வாங்கிக்கொண்டு போகக்கூடாது. சட்டம். நீங்கள்தான் போடவேணும்."

"அப்ப தேத்தண்ணிக்கு மட்டும்தான் வந்தனீங்களோ அன்ரி?" என்றான் என் மகன் லக்‌ஷன்.

"ஓம் தம்பி. உன்ர ஒரு கையெழுத்துக்காக மூண்டு கோப்பை குடிச்சிட்டன்."

"சும்மா ஒரு கவுன்சில் எலெக்சன்தானே" என்று இழுத்தடித்து, கடைசியில் அவனும் கையெழுத்திட்டான். நாலு உறைகளையும் நான் புனித அந்தோனியாரின் பாதத்தில் வைத்தேன். விசா விண்ணப்பமோ பரீட்சை விண்ணப்பமோ, எங்கள் வீட்டில் ஒன்பது நாள் செபித்துத்தான் அனுப்புவோம். ஒன்பதாம் நாள் புதன்கிழமை. அன்று மாலை வேலை முடிந்து வரும்போது, டிராம் நிறுத்தத்துக்குப் பக்கத்திலிருந்த பெட்டியில் போட்டேன். அன்றைய தபால் அதற்கு முன்பே போய்விட்டது. வியாழக்கிழமை தேர்தல்.

பிந்தி வரும் உறை எண்ணப்படாது என்று கூடவந்த தாளில் கொட்டை எழுத்தில் இருந்தது. வாசித்திருந்தேன். செபத்தை நடுவில் நிறுத்த மனம் வரவில்லை, அவ்வளவுதான். அந்தோனியார் தபால்காரர் அல்ல. ஆண்டவர் என்னிடம் கேட்டது, நேரத்தோடு பெட்டிவரை ஒரு பத்து நிமிட நடை மட்டுமே.

நிலையம் மூடப்பட்ட முதல் செவ்வாய்க்கிழமை, அண்ணையின் கதவைத் தட்டினேன். கோட்டும் சப்பாத்துமாகக் கதிரையில் இருந்தார்.

"பழக்கத்தில உடுத்திட்டன் பிள்ளை. பிறகுதான் நினைவு வந்தது."

நான் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். நாலு வாக்கு, ஒன்பது நாள், புதன் மாலை. அவர் கோபப்படுவார் என்றுதான் போயிருந்தேன். அவரோ இடக்கையால் மருந்துப் பெட்டிகளை நகர்த்தி, அடியிலிருந்த ஓர் உறையை எடுத்தார். ஒட்டி முடித்த உறை.

"இது எப்ப எழுதினது அண்ணை?"

"வந்த அண்டைக்கே. இடக்கையால கையெழுத்து வைக்க ஒரு மணித்தியாலம்." சிரித்தார். "கீழ போய்ப் போட ஏலாது. உங்களைக் கேப்பமெண்டு நினைச்சன். காலமை ஓடிறியள், பின்னேரம் சாமானோட வாறியள். ஒரு கடிதத்துக்காக மறிக்க வெக்கமாயிருந்தது."

அந்த இரண்டு வாரமும் தினமும் நான் அவர் கதவைத் தாண்டித்தான் போய்வந்தேன். 'அண்ணை, தபாலில் போட ஏதும் இருக்கோ?' ஒரு மூச்சில் கேட்டுவிடக்கூடிய கேள்வி.

"இனிச் செவ்வாய்க்கிழமைகளில வேலைக்குப் பிந்திப் போறன்" என்றேன். "கீழ வாசலடி மர வாங்கில கொஞ்ச நேரம் இருப்பம். நான் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போறன்."

"உங்களுக்கேன் கரைச்சல்" என்றவர், நான் நீட்டிய கையை மறுக்கவில்லை. லிப்டில் இறங்கி, மெல்ல நடந்து, வாங்கில் அமர்ந்தோம். வெயில் இருந்தது. அவர் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னோட காட்ஸ் விளையாடிற மனுசி ஒண்டு. வெள்ளைக்காரி, கண் தெரியாது. புள்ளி குத்தின சீட்டைத் தடவித் தடவி என்னை வெல்லுவா. அவவை ஆர் வெளியில கூட்டிக்கொண்டு போவினம்?"

"வீடு எங்கயெண்டு தெரியுமோ அண்ணை? போய்ப் பாப்பம்."

"வான் கொண்டுவந்து விடும், ஏத்திக்கொண்டு போகும். வீடு எங்கயெண்டு நான் கேக்கேல்லை."