பேருந்தே வேண்டாம் என்ற பேட்டை

எங்கள் பேட்டை கீட்டோ நகரத்து மலைச்சரிவின் உச்சியில் இருக்கிறது. பேருந்து அடிவாரத்தோடு திரும்பிவிடும். அப்புறம் இருநூற்றுப் பதினாறு படிகள், தோளில் கேஸ் சிலிண்டரோடு. பின்பக்கச் சாலை வழியாக ஒரு பேருந்து விடச் சொல்லி, சங்கத் தலைவியான நான் ஆறு வருடமாக மாநகராட்சியை நச்சரிக்கிறேன். கணக்கெடுப்பு இருந்தால் பார்க்கலாம் என்றார்கள்.

கணக்கெடுக்க முதலாண்டுக் கல்லூரிப் பிள்ளைகள் வந்தார்கள். மக்களோடு வேலை செய்வதே அவர்களுக்குப் பாடமாம். நான் கையெழுத்துப் போட்டால்தான் தேர்ச்சி. குழுவுக்குத் தலைமை டொமெனிக்கா, முகமெல்லாம் அக்கறை. வீடு வீடாகக் கஞ்சி குடித்துக்கொண்டே கேள்வி கேட்டார்கள். அறிக்கையைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்பகுதி மக்கள் பேருந்தைப் பயன்படுத்துவதில்லை, நடப்பதையே விரும்புகிறார்கள் என்று எழுதியிருந்தது.

"எவடி இப்படிச் சொன்னா?"

"எல்லாருந்தான் அக்கா. வாரத்துக்கு எத்தனை தடவை இங்கேருந்து பஸ்ல போறீங்கன்னு கேட்டோம். எண்பத்தேழு வீட்டுலயும் ஒரு தடவைகூட இல்லைன்னாங்க."

"பஸ்ஸே வராத இடத்துல எதுலடி ஏறுவாங்க?"

அறிக்கையின் நகல் ஏற்கெனவே மாநகராட்சிக்குப் போயிருந்தது. சனிக்கிழமை அங்கிருந்து இன்ஜினியர் கலார்சா நேரில் வந்து எங்கள் கோரிக்கைக் கோப்பை மூடப்போகிறார். டொமெனிக்கா அழுதாள். அழுதால் பேருந்து வராது என்று கையில் மண்வெட்டியைக் கொடுத்தேன்.

சனிக்கிழமை மிங்கா. வீட்டுக்கு ஒருவர் வந்தே தீரவேண்டிய பொதுவேலை. அன்று பார்த்துப் பின்பக்கச் சாலையின் குழிகளை மூட எடுத்துக்கொண்டோம். கார் நுழைய வழியில்லை. தற்செயல்தான், நம்புங்கள்.

இன்ஜினியர் படியேறி வந்தார். கடைசிப் படியில் பொத்தென்று உட்கார்ந்தார். காலெல்லாம் சேறாக டொமெனிக்கா தண்ணீரும் கேள்வித்தாளுமாக எதிரில் நின்றாள்.

"சார், ஒரே ஒரு கேள்வி. வாரத்துக்கு எத்தனை தடவை இங்கே நடந்து வருவீங்க?"

"ஆளை விடும்மா. பஸ் விட்டாத்தான் இனி இந்தப் பக்கம் வருவேன்."

அதை அப்படியே எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினாள். அவர் படித்தார், என்னைப் பார்த்தார், சிரித்துவிட்டுப் போட்டார். எண்பத்தெட்டாவது பதிலாக அது அறிக்கையில் சேர்ந்தது. பழைய கேள்வியைத் தூக்கிவிட்டு, படியில் எதைச் சுமக்கிறீர்கள் என்று எல்லா வீட்டிலும் திரும்பக் கேட்டார்கள். இந்தத் தடவை யாரும் கஞ்சி கொடுக்கவில்லை.

மூன்றாம் மாதம் பேருந்து வந்தது. டொமெனிக்காவின் தேர்ச்சித் தாளை அதில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கையில் வாங்கினேன். வண்டி குலுங்கியதில் கையெழுத்து கோணலாக விழுந்தது. பரவாயில்லை, அப்படியே இருக்கட்டும் என்றாள்.