பாய்லரைச் சுற்றி ஓர் அலமாரி

ஜனீன் தன் கையால் செய்த முதல் பொருள் அந்த அலமாரிதான். சமையலறைச் சுவரில் வெள்ளைப் பெட்டியாகத் தொங்கிய, வீட்டுக்குச் சூடும் வெந்நீரும் தரும் எரிவாயு பாய்லரைப் பலகைகளால் மறைத்துக் கதவு போட்டிருந்தாள். தொடங்கும் முன்பே மெக்கானிக்கைக் கேட்டுக்கொண்டாள். பாய்லர் வெளியிலிருந்துதான் காற்றை இழுக்கிறது, சுற்றிலும் கொஞ்சம் இடம் விட்டால் போதும் என்றார் அவர். தாராளமாகவே விட்டிருந்தாள்.

ஆனாலும் அலமாரி முடிந்த மறுநாளே வீடு குளிர ஆரம்பித்தது. இங்கிலாந்தின் பார்ன்ஸ்லியில் ஜனவரிக் குளிர் சும்மா விடாது. குழாயில் வெந்நீர் ஆவி பறக்க வந்தது. அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்கள் மட்டும் கல்லாய்க் கிடந்தன. பாய்லரின் குமிழை முழுக்கத் திருப்பிப் பார்த்தாள். பயனில்லை.

அவள் கணவன் கீத் கோட்டைக் கழற்றாமலே டீ குடித்தான்.

"அழகாத்தான் இருக்கு உன் அலமாரி. சவப்பெட்டிகூட அழகாத்தான் இருக்கும்."

"அதுக்கு மூச்சு முட்டல கீத். காத்து வெளியிலேருந்து வருதுன்னு சொன்னாரே."

"சொன்னவரு அவரு வீட்ல சூடா உக்காந்திருக்காரு. என் மூக்கத் தொட்டுப் பாரு, செத்த மீன் மாதிரி இருக்கு. சனிக்கிழமை பிரிச்சுக் குப்பைக் கிடங்குல போட்டுடறேன்."

சொன்னபடியே சனிக்கிழமை திருப்புளியோடு வந்துவிட்டான். கதவைக் கழற்றிச் சுவரில் சாய்த்தான். கொஞ்ச நேரத்தில் பாய்லர் தானாகப் பற்றிக்கொண்டது. ரேடியேட்டர்கள் டிக் டிக்கென்று சத்தம் போட்டன.

"பார்த்தியா?" என்றான் கீத்.

அவள் கதவைத் தூக்கி அலமாரி வாயில் பொருத்திப் பிடித்தாள். கை கடுக்கும் வரை பிடித்தாள். பாய்லர் அணைந்தது. எடுத்தாள். கதவைச் சாய்த்து வைத்தாள். காற்று உள்ளேயிருந்து வரவில்லை என்றால் கதவுக்கும் நெருப்புக்கும் என்ன சம்பந்தம்? தான் படித்தது, அளந்தது, கேட்டது எல்லாம் பொய்யா?

பலகை சுடுகிறதா என்று பார்க்கத் தலையை உள்ளே விட்டாள். கீழ்த்தட்டில் மடித்த துண்டுகளுக்கு நடுவே ஏதோ மினுங்கியது. இழுத்தாள். கம்பியில்லாத தெர்மோஸ்டாட். வீட்டின் சூட்டைப் பார்த்து ரேடியேட்டர்களுக்காக பாய்லரை ஏற்றுவதும் அணைப்பதும் அதுதான். ஒருமுறை பத்தொன்பதில் வைத்ததோடு அதை எல்லோரும் மறந்தே போயிருந்தார்கள். இப்போது அதில் இருபத்து நாலு என்றிருந்தது. இருவர் வாயிலும் புகை போல மூச்சு வந்துகொண்டிருந்தது.

"இது ஹால் மேசையிலதானே இருந்துச்சு?"

"நீதானே மேசையைக் காலி பண்ணச் சொன்னே. புது அலமாரி வெறுமனே இருக்கேன்னு..." கீத் நிறுத்தினான். துண்டுகளைப் பார்த்தான். பாய்லரைப் பார்த்தான். "அப்போ இது உள்ள போர்த்திப் படுத்துக்கிட்டு, வீடே கதகதப்பா இருக்குன்னு நினைச்சுக்கிட்டு..."

"ஆமா. அணைச்சு அணைச்சு விட்டிருக்கு."

ஜனீன் அதைக் கொண்டுபோய் ஹால் மேசையில் வைத்துவிட்டு வந்தாள். கீத் ஏற்கெனவே கதவைத் தூக்கிப் பிடித்திருந்தான்.

"நாலு திருகு கழட்டினே. இங்க மூணுதான் இருக்கு."

"மூணு போதாதா?"

"போதாது."

கீத் மண்டியிட்டு அடுப்புக்கு அடியில் துழாவத் தொடங்கினான். கொஞ்ச நேரத்தில் வேர்க்கவே, கோட்டைக் கழற்றி அவளிடம் நீட்டினான்.